ஸ்கீ சேர்விஸ் எத்தினை நாளுக்கு ஒருக்கா? கொழும்பில இருந்து ஸ்னோவுக்குப் போற எங்கட ஆக்கள் கேக்கிற கேள்விகள்

நான் சுவிஸில பேர்ண் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையின்ர பின்பக்கத்துப் பட்டறையில 11 குளிர்காலம் நிண்டு ஸ்கீ தீட்டுறதும் வாக்ஸ் போடுறதுமா வேலை செய்தனான், இப்ப குடும்பத்தோட வெள்ளவத்தையில இருக்கிறன். கார்த்திகை முடிய முன்னமே போன் வரத் தொடங்கிடும். மார்கழி லீவுக்கு சூரிச்சுக்கோ ரொரன்ரோவுக்கோ சொந்தக்காரரிட்டப் போறம், மச்சான் தன்ர பழைய ஸ்கீயைத் தந்தவன், இதை சேர்விஸுக்குக் குடுக்கோணுமா, போன வருசம் குடுத்தது காணாதா எண்டு கேப்பினம். ஆளுக்கு ஆள் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்க எழுதி வைக்கிறன், வாசிச்சுப் போட்டு உங்கட ஸ்கீயைக் கையில எடுத்துப் பாருங்கோ.

சுருக்கமாச் சொல்லுங்கோ, எத்தினை நாளுக்கு ஒருக்கா?

ஸ்னோவில நிண்ட நாளை எண்ணுங்கோ, கலண்டரைப் பாக்காதேங்கோ. வாக்ஸ் (அடிப்பக்கத்தில பூசுற மெழுகு) எண்டா 3 இல இருந்து 5 நாளுக்கு ஒருக்கா, எட்ஜ் (கரையில ஓடுற இரும்பு விளிம்பு) தீட்டுறது 5 இல இருந்து 10 நாளுக்கு ஒருக்கா, ஐஸ் மாதிரி இறுகின இடமெண்டா இன்னும் வெள்ளன. அடிப்பக்கத்தைக் கல் மெஷினில குடுத்துச் சீவி எடுக்கிறது 20, 30 நாளுக்கு ஒருக்காக் காணும், கன பேருக்கு அதுகும் தேவைப்படாது. சப்பாத்தை ஸ்கீயோட பூட்டிப் பிடிக்கிற பைண்டிங் மட்டும் தனிக் கணக்கு, அதை நீங்கள் ஒரே ஒரு நாள் சறுக்கினாலும் வருசத்துக்கு ஒருக்காச் சோதிக்கோணும், ஏன் எண்டு கீழ சொல்லுறன்.

நாள் எண்டு நான் சொல்லுறது காலமை மலைக்கு ஏத்துற லிப்ட் திறக்கிறதில இருந்து பின்னேரம் மூடும் வரைக்கும் உண்மையாச் சறுக்கின நாளை. ரெண்டு மணித்தியாலம் சறுக்கிப் போட்டு மிச்ச நேரம் சொக்கலேட் குடிச்சு போட்டோ எடுத்த நாளை அரை நாளாப் போடுங்கோ.

அப்ப ஏன் கடையில "வருசத்துக்கு ஒருக்கா" எண்டு சொல்லினம்?

அங்க இருக்கிற ஆக்களுக்கு அது சரி. அவை சனி ஞாயிறெண்டு ஏறி இறங்கி ஒரு சீசனுக்கு 15, 20 நாள் போயிடுவினம், அதால வருசமும் நாள் கணக்கும் ஏறக்குறைய ஒண்டா வரும். நீங்கள் கொழும்பில இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்காப் போய் 5 நாள் சறுக்கிற ஆள். உங்கட ஸ்கீ மழுங்கிறது சறுக்கிறதால இல்லை, சும்மா கிடக்கிறதால. அதால அவையின்ர கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எனக்கு ஒண்டும் தெரியாது, பாத்து எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இதைத்தான் எல்லாரும் பழகோணும் எண்டு எனக்கு ஆசை, ஏனெண்டா இது தெரிஞ்சா நாள் கணக்கே தேவையில்லை.

முதல் எட்ஜைப் பாருங்கோ. ஸ்கீயின்ர ரெண்டு கரையிலயும் ஓடுற இரும்புப் பட்டிதான் எட்ஜ், புதுசில ஒரு 2 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். உங்கட விரல் நகத்தின்ர மேல்பக்கத்தை அந்த விளிம்புக்குக் குறுக்கால மெல்ல இழுத்துப் பாருங்கோ, கூரா இருந்தா நகத்தில இருந்து வெள்ளையா மா மாதிரிக் கொஞ்சம் சீவி எடுக்கும். வழுக்கிக்கொண்டு போனா மழுங்கிட்டுது. ஒரு இடத்தில மட்டும் பாத்துப் போட்டு விடாதேங்கோ, சப்பாத்து நிக்கிற நடுப்பகுதிதான் கூட வேலை செய்யிற இடம், அங்க ரெண்டு பக்கமும் பாக்கோணும். பிறகு விரல் நுனியால எட்ஜ் நெடுக மெல்லத் தடவுங்கோ (அழுத்தி இழுத்தா வெட்டிப் போடும்), எங்கயாவது சொரசொரப்பா மாட்டினா அது பிசிறு, கல்லில பட்டு இரும்பு மடிஞ்சிருக்கு. பிசிறுக்குத் தீட்டத் தேவையில்லை, சின்ன டயமண்ட் கல்லால நாலு தரம் உரஞ்சினா போயிடும்.

அடுத்தது அடிப்பக்கம். அது பிளாஸ்ரிக்தான், பொலித்தீன்ர கட்டியான ஒரு வகை, விலை கூடின ஸ்கீயில அதைத் தூளா அழுத்திச் செய்திருப்பினம், அதில சின்னச் சின்ன இடைவெளி இருக்கிறபடியா வாக்ஸைக் குடிக்கும். உருக்கி இழுத்துச் செய்த மலிவான வகை அவ்வளவு குடிக்காது, வாக்ஸ் இல்லாட்டியும் ஒருமாதிரி ஓடும். வாக்ஸ் இருக்கேக்க கறுப்பு அடிப்பக்கம் கருகருவெண்டு மினுங்கும், காஞ்சு போனா சாம்பல் பூத்த மாதிரி, குளிக்காத பிள்ளையின்ர முழங்கால் மாதிரி வெளுறிப் போகும். இந்த வெளுப்பு முதல்ல எட்ஜுக்குப் பக்கத்திலதான் தொடங்கும், அங்கதான் அழுத்தமும் உரசலும் கூட. அதைக் கண்டா அண்டைக்கே வாக்ஸ் போடுங்கோ. சறுக்கேக்க சமதரையில மற்ற ஆக்கள் உங்களைக் கடந்து போகினம், நீங்கள் மட்டும் தடி ஊண்டித் தள்ளிக்கொண்டு நிக்கிறியள் எண்டா அதுகும் இதே கதைதான்.

சின்ன சேர்விஸ், பெரிய சேர்விஸ் எண்டு போட்டிருக்கினம், வித்தியாசம் என்ன?

சின்னதில எட்ஜைத் தீட்டி சூடா வாக்ஸ் போட்டுத் தருவினம். பெரியதில அடிப்பக்கத்தில இருக்கிற கீறலை நிரப்பி, முழுக்கக் கல் மெஷினில குடுத்துச் சீவி, புதுசா நுணுக்கமான வரி போட்டு, பிறகு எட்ஜும் வாக்ஸும். அந்த வரிக்கு ஒரு வேலை இருக்கு, ஸ்கீக்குக் கீழ உருகுற தண்ணி அதால வழிஞ்சு போகும், இல்லாட்டி ரெண்டு கண்ணாடியை நனைச்சு ஒட்டின மாதிரி ஸ்னோவில ஒட்டிக்கொண்டு நிக்கும். கடைக்குக் கடை என்ன சேர்த்துச் செய்யினம் எண்டது மாறும், பைண்டிங் சோதினை உள்ளயா வெளியயா எண்டு கட்டாயம் கேளுங்கோ.

ஒவ்வொரு முறையும் பெரிய சேர்விஸே செய்திட்டா நல்லதுதானே?

இல்லை. கல் மெஷின் ஒவ்வொரு தரமும் அடிப்பக்கத்தையும் எட்ஜையும் கொஞ்சம் தின்னும், அந்த 2 மில்லிமீற்றரில இருந்துதான் அது போகும். தேய்ஞ்ச கத்தியைத் திரும்பத் திரும்பச் சாணை பிடிச்சுக் கடைசியில ஈர்க்குமாதிரி ஆக்கின வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறம்தானே, அதே மாதிரித்தான். நல்ல ஸ்கீயை 4, 5 சீசனில சீவியே முடிச்ச ஆக்களை எனக்குத் தெரியும், அவை சறுக்கினதால தேய்ஞ்சது கொஞ்சம்தான். அடிப்பக்கம் குழிஞ்சோ புடைச்சோ இருக்கு, கன கீறல் இருக்கு, கறள் ஆழமாப் போயிட்டுது எண்டா மட்டும் பெரிய சேர்விஸ் கேளுங்கோ. இரும்பு மட்டத்தின்ர விளிம்பையோ நேரான ரூலரையோ அடிப்பக்கத்துக்குக் குறுக்கால வச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா குழியா புடைப்பா எண்டு நீங்களே பாக்கலாம். கவுண்டரில நிக்கிற பிள்ளை பெரியதைச் சொன்னாலும் "சின்னது காணும், எட்ஜும் வாக்ஸும் மட்டும்" எண்டு தெளிவாச் சொல்லுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

எந்தக் கோணத்தில தீட்டோணும் எண்டு கேட்டா என்ன சொல்ல?

பக்க எட்ஜ் 88 பாகை, கீழ்ப்பக்கம் 1 பாகை, சாதாரணமாச் சறுக்கிற ஆளுக்கு இது காணும். போட்டிக்கு ஓடுற ஆக்கள் 87, 86 எண்டு இன்னும் கூராக்குவினம், அது ஐஸில நல்லாப் பிடிக்கும், ஆனா கெதியா மழுங்கும், பழக்கம் குறைஞ்ச ஆளை விழுத்தியும் போடும். முன்னம் என்ன கோணம் இருந்ததோ அதையே தொடருங்கோ, மாத்த மாத்த இரும்புதான் வீணாப் போகும்.

போற இடத்தைப் பொறுத்து மாறுமா?

கன மாறும். ரொரன்ரோவில இருக்கிற எங்கட சனம் கூடப் போறது கொலிங்வூட் பக்கத்து ப்ளூ மவுண்டன், அங்க மெஷினால அடிக்கிற ஸ்னோ கூட. இயற்கையா விழுற ஸ்னோ பஞ்சு மாதிரி, மெஷின் ஸ்னோவோ சின்ன உருண்டை உருண்டையா நெருங்கி இறுகிக் கிடக்கும், மண் கடதாசியில தேய்ச்ச மாதிரி வாக்ஸை எடுத்திடும், பகலில உருகி இரவில உறைஞ்சா நல்ல ஐஸ்தான். அங்க போற ஆள் எட்ஜை 4, 5 நாளுக்கு ஒருக்காப் பாக்கோணும், வாக்ஸ் 3 நாள் தாக்குப் பிடிச்சாலே பெரிய காரியம்.

சுவிஸில மார்கழி தொடக்கத்தில இதே கதைதான், அடிவாரத்தில மெஷின் ஸ்னோ கூட. தை, மாசியில மேல ஏறினா நல்ல காஞ்ச ஸ்னோ கிடைக்கும், எட்ஜ் அவ்வளவு கெதியா மழுங்காது. டிட்லிஸ், செர்மாட் எண்டு 3,000 மீற்றர் உயரத்தில பனியாறு மேல சறுக்கிறது தனி, அது வருசம் முழுக்க உறைஞ்சு கிடக்கிற ஐஸ். பங்குனி, சித்திரையில போனா பின்னேரத்தில ஸ்னோ கஞ்சி மாதிரி ஆகிடும், ஊத்தையும் தூசியும் மேல வந்து அடிப்பக்கத்தில ஒட்டும், அப்ப எட்ஜை விட வாக்ஸும் துடைப்பும்தான் முக்கியம்.

காஷ்மீர் குல்மார்க் கொழும்பு ஆக்களுக்குக் கிட்ட, டெல்லியால போகலாம். அங்க மெதுமையான இயற்கை ஸ்னோ, எட்ஜ் மழுங்கிற கவலை குறைவு, ஆனா சீசன் தொடக்கத்தில ஸ்னோவுக்குக் கீழ கல் மறைஞ்சு கிடக்கும், அடிப்பக்கம்தான் அடிபடும். டுபாயில மோல் ஒஃப் தி எமிரேட்ஸுக்குள்ள 2005 இல திறந்த ஸ்கீ டுபாய் இருக்கு, ட்ரான்சிட்டில நிண்டு ரெண்டு மணித்தியாலம் பழகிப் பாக்கிற ஆக்கள் அங்க குடுக்கிற ஸ்கீயையே எடுங்கோ.

ஸ்கீயைக் கொழும்பு வீட்டிலதான் வச்சிருக்கிறம், ஒரு பிரச்சினையும் வராதுதானே?

வரும். எல்லாப் பிரச்சினையும் இங்கதான் வருது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற வீட்டு கேட்டைப் பாருங்கோ, பெயின்ற் அடிச்சு ஒரு வருசத்தில கறள் எட்டிப் பாக்கும், ஏசி வெளிப்பெட்டி, சைக்கிள் செயின் எல்லாம் அப்பிடித்தான். உப்புக் காத்தும் ஈரமும் சேர்ந்தா இரும்புக்கு அதுதான் யமன். ஸ்கீ எட்ஜ் கூராப் பிடிக்கவேண்டி இறுகின இரும்பில செய்தது, கறள் பிடிக்காத எவர்சில்வர் இல்லை. அங்க குளிரில ஒரு சீசன் முழுக்கக் கிடந்து பிடிக்கிற கறளை இங்க ஒரு மழைக் கிழமையில பாக்கலாம்.

என்ர சித்தப்பான்ர மகன் ஒருத்தன் கடைசி நாள் சறுக்கினவுடன நனைஞ்ச ஸ்கீயைப் பையில போட்டு சிப்பை இழுத்து மூடி, அப்பிடியே கட்டுநாயக்கவில இறங்கி, வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழ வச்சவன். ரெண்டு வருசம் கழிச்சு இந்தமுறை திரும்பப் போகோணும் எண்டு திறந்தா பைக்குள்ள மண்ணிறத் தண்ணிக் கறை, எட்ஜ் நெடுக அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக் கறள், பைண்டிங் ஸ்குரூவிலயும். எனக்கு அதைப் பாக்க உண்மையாவே நெஞ்சு அடைச்சது, நல்ல ஸ்கீ, மொத்தமா 8 நாள்கூடச் சறுக்கியிருக்க மாட்டான். மேலோட்டமான கறளெண்டா ரப்பர்க் கல்லால உரஞ்சி எடுக்கலாம், குழி விழுந்தா மெஷினில ஆழமாச் சீவினால் மட்டும்தான் போகும். அவன்ர எட்ஜில அரைவாசி அந்த ஒரு சேர்விஸோட போயிட்டுது.

அதால இப்பிடிச் செய்யுங்கோ. திரும்ப முன்னம் அங்கயே ஒரு கடையில "ஸ்ரோரேஜ் வாக்ஸ்" போட்டுத் தரச் சொல்லுங்கோ, அடிப்பக்கத்துக்கும் எட்ஜுக்கும் மேலால தடிப்பா வாக்ஸை உருக்கி ஊத்தி, சுரண்டாம அப்பிடியே விடுறது, அது போர்வை மாதிரி மூடிக்கொண்டு இருக்கும். அடுத்தமுறை போய் இறங்கினவுடன அதைச் சுரண்டி பிரஷ் பண்ணினா ஸ்கீ ரெடி. அதுக்கு நேரம் கிடைக்காட்டி நல்லாத் துடைச்சு, ஒரு இரவு அறைக்குள்ள காயவிட்டு, வாக்ஸ் கட்டியை எடுத்து எட்ஜ் நெடுக அழுத்தி உரஞ்சுங்கோ, சவர்க்காரம் பூசுற மாதிரி, அதுகூட ஒண்டும் செய்யாததுக்கு எவ்வளவோ மேல். கொழும்புக்கு வந்த அண்டைக்கே பையைத் திறக்கோணும், களைப்பு, நாளைக்குப் பாப்பம் எண்டு விடாதேங்கோ. கடல் பக்க பல்கனி, கார் கராஜ், படிக்கட்டுக்குக் கீழ எல்லாம் கூடாது, ஏசி போடுற படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால நிமித்தி வைக்கிறதுதான் நல்லது. சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளைச் சேர்த்துப் பைக்குள்ள போடுங்கோ. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, ஒரு பௌர்ணமி லீவு நாளைக்கு எண்டு வச்சுக்கொண்டு, வெளிய எடுத்து எட்ஜைப் பாருங்கோ.

முடிஞ்சா இன்னொண்டு, மச்சான்ர வீட்டு பேஸ்மெண்டிலயே விட்டிட்டு வாங்கோ. காஞ்ச இடம், பிளைட்டில இழுபடத் தேவையில்லை.

பழைய சோனகத் தெருவில அரம் வாங்கி நானே தீட்டலாமா? கத்தி தீட்டுறவரிட்டக் குடுக்கலாமா?

கத்தி தீட்டுறவரிட்டக் குடுக்கவே குடுக்காதேங்கோ, சுத்துற கல்லில வச்சா சூட்டில இரும்பின்ர பதமே போயிடும், கோணமும் போயிடும். அரம் அந்தத் தெரு ஹாட்வெயார் கடைகளில வாங்கலாம், ஆனா கோணத்தைப் பிடிக்கிற கைட் இல்லாம வெறும் கையால இழுத்தா ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு கோணம். 88 பாகை கைட் ஒண்டும் டயமண்ட் கல் ஒண்டும் ரப்பர்க் கல் ஒண்டும் அங்க போகேக்க வாங்கிக்கொண்டு வாங்கோ, சின்னச் சாமான்தான், வருசக் கணக்கில நிக்கும். டயமண்ட் கல்லைக் கொஞ்சம் தண்ணி தொட்டு முன்னிருந்து பின்னுக்கு இழுக்கோணும். நாள் முடிய 5 நிமிசம் இதைச் செய்யிற ஆளுக்கு அரம் பிடிக்கிற வேலையே கன காலத்துக்கு வராது.

உடுப்பு மினுக்கிற அயனால வாக்ஸ் போடலாமா?

நான் விடமாட்டன். வாக்ஸ் அயன் ஒரே சூட்டில நிக்கும், சாதாரண வாக்ஸுக்கு 120 பாகை செல்சியஸ் அளவு, உடுப்பு அயனில சூடு ஏறி இறங்கும், அடிப்பக்கத்துப் பிளாஸ்ரிக் 135 பாகைக்குக் கிட்டவே உருகத் தொடங்கிடும். ஒருக்காக் கருகினா அந்த இடம் பிறகு வாக்ஸைக் குடிக்காது. சரியான அயன் இருந்தாலும் ஒரே இடத்தில நிப்பாட்டாம இழுத்துக்கொண்டே போங்கோ, வாக்ஸில புகை வந்தா சூடு கூட. அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பிளாஸ்ரிக் தகட்டால சுரண்டி, நைலோன் பிரஷ்ஷால முன்னிருந்து பின்னுக்குத் தேயுங்கோ. கன பேர் வாக்ஸைத் தடிப்பா விட்டா நல்லா ஓடும் எண்டு நினைக்கினம், ஓடாது, உள்ள போனதுதான் வேலை செய்யும், மேல நிக்கிறது இழுக்கும்.

எந்த நிற வாக்ஸ்?

டோகோ எண்ட வாக்ஸ் கம்பனியில மஞ்சள் சூடான ஸ்னோவுக்கு, சிவப்பு நடுத்தரத்துக்கு, நீலம் கடும் குளிருக்கு. கிழமைக் கணக்கில போற ஆள் எல்லாத்துக்கும் பொதுவான ஒண்டை வாங்கினாக் காணும். மச்சான்ர பெட்டிக்குள்ள பழைய ஃபுளோரின் வாக்ஸ் கிடந்தா தொடாதேங்கோ, சூடாக்கேக்க வாற புகை சுவாசத்துக்குக் கூடாது, அந்தச் சாமான் மண்ணிலயும் தண்ணியிலயும் அழியாம நிக்கும், 2023-24 சீசனில இருந்து சர்வதேச ஸ்கீ சம்மேளனம் போட்டிகளிலயும் அதை முற்றாத் தடை செய்திட்டுது.

பைண்டிங் ஏன் வருசத்துக்கு ஒருக்கா? ஒண்டும் உடையேல்லையே?

மழுங்கின எட்ஜ் உங்களை வழுக்க வைக்கும், காஞ்ச அடிப்பக்கம் உங்களை மெதுவாக்கும், விடாத பைண்டிங் முழங்காலைத் திருகிப் போடும். விழேக்க சப்பாத்தைக் கழட்டி விடோணும், சும்மா திரும்பேக்க கழட்டக் கூடாது, இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிற ஸ்பிரிங்தான் அது. அந்த ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமா நிக்கோணும் எண்டு போடுற டின் நம்பர் உங்கட எடை, உயரம், வயசு, சப்பாத்தின்ர அடி நீளம், சறுக்கிற விதம் எல்லாத்தையும் பாத்து வாறது. ரெண்டு வருசத்தில 8 கிலோ ஏறியிருக்கலாம், 50 வயசு தாண்டியிருக்கலாம், வயசுக்கு நம்பர் குறைக்கோணும், சப்பாத்து மாறியிருக்கலாம். சுவிஸில விபத்துத் தடுப்பு நிலையம் பிஎஃப்யூ வருசா வருசம் பைண்டிங்கை மெஷினில சோதிக்கச் சொல்லுது, சோதிச்சதுக்கு ஸ்கீயில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டித் தருவினம், எப்ப சோதிச்சதெண்டு அதைப் பாத்தாலே தெரியும். மச்சான் தந்த ஸ்கீயை மச்சான்ர நம்பரோட போடாதேங்கோ, இதை நான் கெஞ்சியே கேக்கிறன். போகேக்க சப்பாத்தையும் கொண்டு போங்கோ, அது இல்லாம சோதிக்க ஏலாது, அடி தேய்ஞ்ச சப்பாத்தும் நடக்க லேசா இருக்க வளைச்சுச் செய்த கிரிப்வோக் அடி போட்ட சப்பாத்தும் எல்லாப் பைண்டிங்கிலயும் சரியா வேலை செய்யாது.

பிள்ளையளின்ர ஸ்கீ?

பாரம் குறைஞ்ச பிள்ளையள் எட்ஜை அவ்வளவு மழுக்க மாட்டினம், சீசனுக்கு ஒருக்காப் பாத்தாக் காணும், வாக்ஸ் மட்டும் போடுங்கோ, ஓடாத ஸ்கீயில பிள்ளை களைச்சு அழும். பைண்டிங்தான் கவனம், கால் வளர வளர நம்பரும் நீளமும் மாறும். வாடகைக்கு எடுத்தாலும் எடையைச் சரியாச் சொல்லுங்கோ, கூட்டியும் குறைச்சும் சொல்லாதேங்கோ.

வாடகை ஸ்கீயெண்டா நான் ஒண்டும் பாக்கத் தேவையில்லையே?

நகத்தால ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. வெளுறிப் போயோ மொட்டையாவோ இருந்தா வேற சோடி கேளுங்கோ, தருவினம். மூண்டாம் நாள் கடைக்குப் போய் வாக்ஸ் போட்டுத் தரச் சொல்லியும் கேக்கலாம்.

புது ஸ்கீ வாங்கினனான், அதுக்குமா?

எட்ஜ் காணும், வாக்ஸ் ஒண்டு போட்டிட்டு ஏறுங்கோ, பெட்டிக்குள்ள எவ்வளவு காலம் கிடந்ததோ.

நடுவில கல்லில அடிபட்டு அடிப்பக்கத்தில பள்ளம் விழுந்திட்டுது, லீவு முடியட்டும் எண்டு விடலாமா?

பள்ளத்துக்குள்ள பாருங்கோ. கறுப்பாவே இருந்தா மேலோட்டம், கிழமை முடிய நிரப்பலாம். மரமோ வெள்ளையான நாரோ தெரிஞ்சா அண்டைக்கே கடைக்குக் கொண்டு போங்கோ, தண்ணி உள்ள போய் இரவில உறைஞ்சா ஊதிப் பிரிச்சுப் போடும். எட்ஜ் வெடிச்சிருந்தாலும் அதேதான்.

அப்ப 5 நாளுக்குப் போற எனக்கு என்னதான் செய்யோணும்?

இறங்கின அண்டைக்கு சின்ன சேர்விஸும் பைண்டிங் சோதினையும், சனிக்கிழமை கடையில சனம் கூட எண்டபடியா முன்னமே மச்சானிட்டச் சொல்லிப் பதிஞ்சு வையுங்கோ. மூண்டாம் நாள் பின்னேரம் நகமும் நிறமும் பாத்து, வெளுறியிருந்தா வாக்ஸ். ஒவ்வொரு நாளும் முடிய எட்ஜைத் துணியால துடையுங்கோ, காருக்கு மேல கட்டிக்கொண்டு போனா ரோட்டு உப்பு படும், அதுக்குப் பையோட கட்டுங்கோ. கடைசி நாள் ஸ்ரோரேஜ் வாக்ஸ். வருசத்துக்கு 7 நாளுக்குக் குறைய சறுக்கிற ஆளெண்டா சப்பாத்தை மட்டும் சொந்தமா வாங்கி ஸ்கீயை வாடகைக்கு எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், சப்பாத்து உங்கட காலுக்குப் பழகோணும், ஸ்கீயை வேற ஆள் தீட்டித் தரட்டும்.